மேட்டு நிலத்தில் நெய்தல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பிறந்து வளரும் பிள்ளைகளுட் பலர்க்குக் கடல் என்பது பாடப் புத்தகத்திற் படிக்கும் ஒரு சொல்லே ஆகும். கிழக்கே கடலூர்க் கரையை அடைவதற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இருபுறம் நிற்க, இடையே பரந்து கிடக்கும் மேட்டு நிலம் இது. சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் புன்செய். ஆயிரம் அடி துளைத்தாலும் நீர் ஊறும் என்னும் உறுதியில்லாத ஆழ்குழாய்க் கிணறுகள். இவையே இதன் இயல்பு. மலையைச் சார்ந்த குறிஞ்சியும், காடு சார்ந்த முல்லையும், காவிரிக் கரையை ஒட்டிச் சிறிது மருதமும் இங்கு உண்டு. நெய்தலுக்கு மட்டும் இடம் இல்லை.

இத்தகைய நிலத்தில், சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டிற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்திலே ஒரு சிறு கடலை அமைக்க முற்பட்டார். அஃது 2011ஆம் ஆண்டின் புரட்டாசி மாதம். அவர் மகள் வயிற்றுப் பேத்தி ஆறாம் வகுப்பிற் சேர்ந்து அவ்வீட்டிலேயே தங்கிப் படித்து வந்தாள். பவளப் பாறைகளைப் பற்றிய வண்ணப் படம் ஒன்றைக் கண்ட அவள், “அப்புச்சி, இதை நம் வீட்டில் வைக்க முடியாதா?” என்று கேட்டதே அம் முயற்சிக்கு வித்தாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் மீனின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தே பாடம் நடத்தியவர் அவர். பேத்தியின் விருப்பத்தினும் அவருடைய விருப்பம் குறைந்ததன்று என்பது பின்னரே வீட்டார்க்குப் புலனாயிற்று.

உயிருள்ள கடற்பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காணும் வழக்கம் மிகப் பழையதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிச் சாலையில் முதன்முதலாகப் பொதுமக்கள் காண மீன்காட்சி இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் உயிரியல் அறிஞர் இதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் நாட்டிலே 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிற் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரின் எண்ணத்தில் உருவானது அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. சென்னைக்குக் கடல் வாயிலிலே இருந்தது. சங்ககிரிக்கோ கடலை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

“தண்ணீரில் உப்பைப் போட்டால் கடல் ஆகிவிடாதா?” என்பது பேத்தியின் இரண்டாவது கேள்வி. சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றினும் இதற்கு விடை காண அறிஞர் பலர் உழைத்திருக்கின்றனர். சேலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்து பல இடங்களின் நீரை முகந்து வந்தது. அவற்றுள் 77 புட்டிகளின் நீரைத் திட்மர் என்னும் வேதியியல் அறிஞர் பகுத்தறிந்து 1884ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். எக்கடலில் எடுத்தாலும் அந்நீரிற் கரைந்துள்ள உப்புக்கள் ஒன்றற்கொன்று ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்பதே அம்முடிவு. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதிற் பெரும்பகுதி நாம் உண்ணும் உப்பே. எஞ்சியவற்றுள் மக்னீசியம் 1.3 கிராம் அளவிலும், கால்சியம் 0.4 கிராம் அளவிலும் இருக்கும். உப்பளத்தில் நீர் வற்றும்பொழுது சமையல் உப்பு முன்னே படிந்துவிட, மக்னீசியம் முதலியன கசப்பு நீராக எஞ்சி நின்றுவிடுகின்றன, அந்நீரை வடித்துவிடுவர். ஆதலின் தூத்துக்குடி உப்பை எத்துணைத் தூயதாக வாங்கிக் கரைத்தாலும் அது உப்பு நீர் ஆகுமேயன்றிக் கடல் நீர் ஆகாது. கடல் நீரின் கசப்பிற்குக் காரணமான மக்னீசியம், சேலத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லிலும் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபொழுது, “அப்படியானால் நம் ஊரிலும் கொஞ்சம் கடல் இருக்கிறது” என்றாள் பேத்தி. அவர் மறுக்கவில்லை.

சங்ககிரி, சரக்குந்துகளுக்குப் பெயர் போன ஊர். தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வண்டியோட்டிச் செல்லும் உறவினர் ஒருவர், “பீப்பாயிற் கடல் நீரையே கொண்டுவந்து தருகிறேன், மாமா, உங்களுக்கு எத்தனை பீப்பாய் வேண்டும்?” என்றார். துறைமுகத்தை அடுத்த நீரில் எண்ணெயும் கழிவும் கலந்திருத்தல் கூடும். மூடிய பீப்பாயில் வெயிலில் வரும் நீர் வழியிலேயே கெட்டுவிடவும் கூடும். இவற்றை எண்ணி ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. கடலின் உப்புக்கள் எல்லாவற்றையும் உரிய விகிதத்திற் கலந்து விற்கும் பொடியையே சென்னையிலிருந்து வருவித்தார். தொட்டியோ 200 லிட்டர் கொள்வது. அதற்கு 7 கிலோகிராம் உப்பு வேண்டும். கரைக்கும் நீரும் எந்நீராயினும் ஆகாது. ஊராட்சிக் குழாயில் வரும் காவிரி நீரிற் கிருமி கொல்லும் குளோரின் கலந்திருந்தது. வீட்டு ஆழ்குழாய் நீரோ, பருப்பு வேகாத கடின நீர். ஆதலின் மென்படலத்தின் வழியே நீரை அழுத்தி வடிகட்டும் பொறியில் நீரைத் தூய்மை செய்து, அதன் பின்னரே உப்பைக் கரைத்தனர்.

மீன்கள் ஒளிந்து வாழப் பாறைகள் வேண்டும் அல்லவா? பவளப் பாறையிற் காணப்படும் நுண்ணிய துளைகள் நிறைந்த கல்லே இதற்குத் தக்கது. அதனைக் கடலிலிருந்து எடுப்பதற்கு ஆசிரியர் மனம் ஒப்பவில்லை, சட்டமும் இடந்தரவில்லை. அவர் செய்தது பிறர் நகைப்பிற்கு இடமாயிற்று. சங்ககிரிச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஆகும் சிமெண்டோடு கல்லுப்பை மிகுதியாகக் கலந்து பிசைந்து, கோணல்மாணலான கட்டிகளாக உருட்டி வைத்தார். இறுகிய பின்னர்த் தண்ணீரில் இட்டதும் உப்புக் கரைந்து ஓடிவிட, தேன்கூடு போன்ற துளைகளையுடைய கற்கள் கிடைத்தன. சிமெண்டின் காரம் நீங்கும்வரை, நாள்தோறும் நீரை மாற்றி இரண்டு மாதம் ஊற வைத்தார். “உங்கள் அப்புச்சி கல்லை ஊறவைத்து இட்டிலிக்கு அரைக்கப் போகிறார்” என்று மனைவியார் பேத்தியிடம் சொல்லிச் சிரித்தார்.

கார்த்திகை மாத இறுதியில் தொட்டி நிறைந்தது. வெளிச்சம் விழும் சன்னலைத் தவிர்த்து, வடக்குச் சுவரோரம், கருங்கற் பலகையின்மேல் அதனை வைத்திருந்தனர். அடியிலே வெண்மணல், நடுவே கற்குவியல், ஒரு மூலையில் நீரைச் சுழற்றும் சிறு பொறி. நீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. இங்கேதான் ஆசிரியர் பிழை செய்தார்.

தெளிந்த நீர் தூய நீர் என்று கண் சொல்லும். கண் சொல்வதை நம்பி, ஒன்பதாம் நாளிலேயே கடை ஒன்றில் வாங்கிய மூன்று நீல மீன்களை அவர் அதில் விட்டார். அன்று மாலை முழுதும் பேத்தி தொட்டியின் முன்னேயே அமர்ந்து உண்டாள். மறுநாள் மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலை மூன்றும் இறந்து கிடந்தன.

அவற்றைக் கொன்றது யாது? அவற்றின் கழிவே ஆகும். மீன் உண்டு கழிப்பதிலிருந்தும், தின்னாது விட்ட உணவு அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. கடலிலோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று அதனை உண்டு நைட்ரைட்டு என்னும் பொருளாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. மற்றொரு நுண்ணுயிர்க் கூட்டம் அதனை உண்டு நைட்ரேட்டு என்னும் தீமை குறைந்த பொருளாக மாற்றுகிறது. காற்றுப் புகாத கல்லின் உட்புறத்தில் வாழும் வேறு சில, நைட்ரேட்டையும் சிதைத்து நைட்ரஜன் ஆவியாக வெளியேற்றுகின்றன. இவையெல்லாம் காற்றிலும் நீரிலும் எங்கும் உள்ளனவே. ஆயினும் ஒரு புதுத் தொட்டியில் அவை குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். துளையுள்ள கற்கள் வேண்டும் என்பதும் இவற்றின் பொருட்டே. கண்ணுக்குத் தெரியும் மீனை வளர்க்க விரும்புவோன், கண்ணுக்குத் தெரியாத இக்குடிகளை முதலில் வளர்த்தல் வேண்டும். இவையனைத்தையும் ஆசிரியர் நூலிற் படித்தே இருந்தார். படித்தும் பொறுக்கவில்லை என்பதே அவர்க்கு வருத்தம் தந்தது. மூன்று மீன்களையும் முருங்கை மரத்தடியிற் புதைத்தபொழுது, “நான் அவசரப்பட்டுவிட்டேன், கண்ணு” என்று மட்டும் சொன்னார். சிறுவர்முன் பெரியோர் தம் பிழையை ஒப்புக்கொள்ளுதல் நம் வீடுகளில் அரிதாகவே காணப்படுவது.

மறுபடி தொடங்கினர். இம்முறை மீனுக்குப் பதிலாகச் சந்தையில் வாங்கிய இறால் ஒன்றைத் தொட்டியில் இட்டு அழுக விட்டனர். நீரைச் சிறு குழாயில் எடுத்து மருந்துத் துளியிட்டு, அது காட்டும் நிறத்தைக் கொண்டு நஞ்சின் அளவைப் பேத்தி ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தாள். முதலில் அம்மோனியா ஏறியது. பின்னர் அது இறங்க, நைட்ரைட்டு ஏறியது. முப்பத்தெட்டாம் நாளில் இரண்டும் இல்லையாயின. அக்காலம் முழுதும் தொட்டியில் ஓர் உயிரும் கண்ணுக்குத் தென்படவில்லை. வீட்டிற்கு வந்தோர் எல்லாம், “மீன் எங்கே?” என்று கேட்டுச் சலித்தனர்.

இவ்வாறு வெறுந்தொட்டியைக் காத்திருக்கும் வேலை எல்லார்க்கும் வேண்டுவதன்று. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், 1960களின் தொடக்கத்திலேயே, உயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகளைக் கடலிலிருந்து அப்படியே எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழியை மட்டும் செலுத்திப் பவள உயிர்களையும் வளர்த்துக் காட்டினார். அவர்க்கு நல்ல கடல் நீர் வேண்டியபோதெல்லாம் அருகிற் கிடைத்தது. அது கடலோர மக்களின் கலை.

பின்னர் ஒரு விடுமுறையில் தாத்தாவும் பேத்தியும் மண்டபத்திற்குப் புறப்பட்டனர். 1947ஆம் ஆண்டில் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அங்கு ஒரு நிலையம் உண்டு. கோமாளி மீன் எனப்படும் செம்மஞ்சள் மேனியும் வெண்பட்டையும் உடைய சிறு மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்க்கும் முறையை அந்நிறுவனத்தார் ஆராய்ந்து வகுத்துள்ளனர். அம்முறையைக் கற்று வளர்ப்போர் ஒருவரிடம் ஆசிரியர் இரண்டு குஞ்சுகளை வாங்கினார். கடலிற் பிடித்த மீனன்று, தொட்டியிற் பிறந்த மீன் என்பதே அவர் வேண்டியது.

அன்று மாலை கடலோரம் நடந்தபொழுதுதான் பேத்தி தன் வாழ்நாளில் முதன்முறையாக அலையில் கால் நனைத்தாள். சிறிது நேரத்தில் ஓடிவந்து உள்ளங்கையை விரித்தாள். அதில் வெண்ணிறப் பவளத் துண்டு ஒன்று, சிறு பூக்கள் நெருங்கப் பூத்தாற்போன்ற குழிகளோடு இருந்தது. “செத்த கல்தானே, அப்புச்சி! தொட்டியில் வைக்கலாம்” என்றாள்.

அது கல்லன்று. பவளப் பாறை என்பது கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் கட்டிய ஊர். ஒவ்வோர் உயிரும் கடல் நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கிறது. அது மடிந்த பின் அதன்மேல் அடுத்தது கட்டுகிறது. திரண்ட வடிவுடைய பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அவ்வுயிரின் உடலுக்குள்ளே நுண்பாசி குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது. கடல் வெம்மை மிகுந்தால் அப்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும், வெம்மை நீடித்தால் இறந்தும் போகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் நேர்ந்தது.

வெம்மையினும் முன்னே மனிதன் கை பட்டது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பாறைகளில் 117 வகைக் கடினப் பவளங்களை அறிஞர் கண்டறிந்துள்ளனர். சுண்ணாம்பு சுடவும் வீடு கட்டவும் இப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி ஏற்றினர். அலையைத் தடுக்கப் பாறை இல்லாத தீவு கரையத் தொடங்கும். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001ஆம் ஆண்டில் கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் கடற்குதிரைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. அன்றுமுதல் யானைக்கும் புலிக்கும் உள்ள காவல் பவளத்திற்கும் உண்டு. உயிருள்ளதை எடுப்பது மட்டுமன்று, இறந்த துண்டை எடுத்துச் செல்வதும் குற்றமே.

சட்டம் இருக்கட்டும். ஒரு துண்டால் என்ன குறைந்துவிடும் என்று பலர்க்குத் தோன்றும். முன்னே சொன்ன காஸ் என்பவரின் நூல்களைப் படித்த இங்கிலாந்து மக்கள், வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்க விரும்பினர். பாறைக் குட்டைகளிற் கிடந்த பூ விலங்குகளையும் நண்டுகளையும் கூடை கூடையாக வாரிச் சென்றனர். சில ஆண்டுகளில் அக்குட்டைகள் வெறுமையாயின. தந்தையோடு சிறுவனாக அக்கரையில் நடந்த எட்மண்ட் காஸ், 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவ்வழிவை வருந்தி எழுதினார். கடலின்மேல் கொண்ட காதலால் கடற்கரையை அழித்தவர் அவர்கள்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி கூறுவர். ஒரு திணைக்குரிய ஒழுக்கம் வேறொரு திணையில் வந்து கலத்தல் விலக்கப்படுவதில்லை. ஆனால் நிலத்தோடு நிலம் கலப்பதில்லை என்பது அதன் கருத்து. நெய்தலின் இரங்கலை மருதத்திற் பாடலாம். நெய்தல் நிலத்தையே பெயர்த்து மருதத்தில் வைக்க முடியாது. செய்யுளுக்குச் சொன்ன இவ்விதி அன்று மண்டபத்துக் கரையிலும் பொருந்தியது. பேத்தி சற்று நேரம் அத்துண்டைத் தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கியது, கண்ணும் கலங்கியது. பின்னர் நீருக்குள் முழங்கால் அளவு சென்று அதனை மெல்ல இட்டுவிட்டு வந்தாள். எறியவில்லை, இட்டாள். திரும்பும் வழியில் பரமக்குடி வரையில் அவள் ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியர் சிமெண்டுக் கல் உருட்டியதை நகைத்தவர்கள் ஒன்றை அறியார். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2002 முதல், சிமெண்டினாற் செய்த சட்டங்களின்மேல் உயிருள்ள பவளக் கிளைகளைக் கட்டிக் கடலடியில் வைத்து, அழிந்த பாறைகளை மீண்டும் வளர்த்து வருகின்றனர். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க அதனருகே செயற்கைப் பாறைகளும் இறக்கப்பட்டுள்ளன. வீட்டுத் தொட்டியில் ஆறு வாரம் வேண்டிய பொறுமை அங்கே பல பத்தாண்டுகளுக்கு வேண்டும்.

சங்ககிரிக்கு வந்த கோமாளி மீன்கள் இரண்டும் முதல் நாள் கல்லின் பின்னே ஒளிந்தன. கடலில் இவை கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற விலங்கின் கைகளுக்கிடையே வாழ்வன. மற்ற மீன்களைக் கொட்டும் அக்கைகள் இவற்றைக் கொட்டுவதில்லை. இவற்றின் மேனியிலுள்ள வழுவழுப்பான பூச்சே காவல். தொட்டியிற் கடற்சாமந்தி இல்லாமையால், ஒரு வாரம் தேடி, பேத்தி கவிழ்த்து வைத்திருந்த சிறு மண்சட்டியைத் தம் வீடாக்கிக்கொண்டன.

அதன் பின்னர் வேலைகள் ஓர் ஒழுங்கில் நடந்தன. இரு வாரத்திற்கு ஒரு முறை 20 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, 700 கிராம் உப்பிட்ட புதுநீரைச் சேர்ப்பர். எடுத்த உப்பு நீரை வயலில் ஊற்றலாகாது, மண் கெடும். தென்னைக்கு உப்பு வைப்பது அப்பகுதி உழவர் வழக்கமாதலால், அதனை நல்ல நீர் கலந்து தென்னைகளுக்கு முறைவைத்து ஊற்றினர். நுரை பிரிக்கும் குழாய் ஒன்றும் இருந்தது. அலை மோதும் கரையில் நுரை திரள்வதைக் கண்டிருப்பீர்கள். நீரிலுள்ள அழுக்கு நுண்குமிழிகளில் ஒட்டி மேலே வருவதே அந்நுரை. குழாயிலும் அவ்வாறே குமிழிகள் ஏறி, தேநீர் நிறத்தில் நாற்றமுள்ள நீரை ஒரு கிண்ணத்திற் சேர்த்தன. அக்கிண்ணத்தைக் கழுவும் வேலைக்கு மட்டும் வீட்டில் ஒருவரும் முந்தவில்லை.

சித்திரை பிறந்தது. சேலத்து வெயில் 40 பாகையைத் தொட்டது. தொட்டி நீர் 32 பாகைக்கு ஏறியது. மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்று வகுப்பிற் பல்லாண்டு சொன்னவர்க்கு வழி தெரியாமற் போகுமா? மூடியை நீக்கி, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைச் சுழலவிட்டார். நீர் ஆவியாகி, எஞ்சிய நீர் மூன்று பாகை குளிர்ந்தது. ஆனால் நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் குறைந்தது. குறைந்தது கடல் நீர் என எண்ணி உப்பு நீரை ஊற்றுவோர் பலர். ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. உப்பு அங்கேயே இருக்கும். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் தொட்டி வேதாரணியத்து உப்பளம் ஆகிவிடும். ஆதலால் கண்ணாடியில் ஒரு கோடு இட்டு, நாள்தோறும் காலையில் அக்கோடு வரையில் நன்னீர் ஊற்றுவது பேத்தியின் கடமையாயிற்று.

2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் உள் மாவட்டங்கள் மின்தடையால் வருந்திய ஆண்டு. பகலிற் பல மணி நேரம் மின்சாரம் இராது. இரவிலும் விட்டுவிட்டு நிற்கும். ஐப்பசி மாதத்து இரவொன்றில் நின்ற மின்சாரம் மீளவேயில்லை. சுழற்பொறி ஓய்ந்தது. நீர் அசையாவிடிற் காற்று அதிற் கரைவது குறையும். மீன்களோடு, கல்லிலிருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சுக்குத் தவிக்கும். அகல்விளக்கை வைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒரு சொம்பில் நீரை முகந்து, பால் ஆற்றுவதுபோல உயரத் தூக்கி மீண்டும் தொட்டியில் ஊற்றினார். அவர் கை ஓய்ந்தபொழுது மனைவியார் வாங்கிக்கொண்டார். கல் ஊறவைத்ததை நகைத்த அதே அம்மையார்தாம். பின்னர்ப் பேத்தி. இவ்வாறு மாறி மாறி விடியும்வரை ஆற்றினர். காலையில் மீன்கள் சட்டியின் வாயில் நின்று உணவு கேட்டன. மூவருள் எவரும் அன்று சரியாக உண்ணவில்லை, உறங்கினர். அவ்வார இறுதியில், பீப்பாய் தருகிறேன் என்ற உறவினர், சரக்குந்தின் மின்கலம் ஒன்றைக் கொணர்ந்து சிறு காற்றுப் பொறியை அதில் இணைத்துக் கொடுத்தார். இம்முறை ஆசிரியர் மறுக்கவில்லை.

கோமாளி மீன்களில் ஒரு விந்தை உண்டு. எல்லாம் ஆணாகவே வளரும். இரண்டு சேர்ந்து வாழும்பொழுது பெரியது பெண்ணாக மாறும். 2013ஆம் ஆண்டு கார்த்திகையில், பெரிய மீன் மண்சட்டியின் உட்புறத்தை வாயாற் சுத்தம் செய்தது. இரண்டு நாள் கழித்துச் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் அங்கே ஒட்டியிருந்தன. ஆண் மீன் அகலாது நின்று துடுப்புகளால் நீரை விசிறியது. கெட்ட முட்டையைப் பொறுக்கி எடுத்தது. நாளாக ஆக முட்டைகளுள் வெள்ளிப் புள்ளிகள்போலக் கண்கள் தெரிந்தன. எட்டாம் நாள் இருளில் குஞ்சுகள் வெளிவந்தன; மயிரிழை போன்ற உடலும் இரண்டு கண்களுமாக ஒளியை நோக்கி நீந்தின.

அவற்றுக்கு உணவு இல்லை. அத்துணைச் சிறிய வாயிற் புகக்கூடியது நீரில் வாழும் சக்கர நுண்ணுயிர் ஒன்றே. அதனை முன்பே வளர்த்து வைத்திருக்க வேண்டும். நாமக்கல் முட்டைக்குப் பெயர் போன மாவட்டமாயிற்றே என்று, பேத்தி அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியிற் பிழிந்து ஊட்டிப் பார்த்தாள். நீர் கலங்கியதே தவிர அவை உண்ணவில்லை. மூன்றாம் நாள் ஒன்றுகூட எஞ்சவில்லை. மூன்று நீல மீன்களுக்கு அழாதவள் இவற்றிற்கு அழுதாள். அப்பொழுது அவள் எட்டாம் வகுப்பு மாணவி.

மீன்களோ இரண்டு வாரத்திற்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் முட்டையிடும் இயல்பின. சக்கர நுண்ணுயிரை வளர்க்கப் பசும்பாசி வேண்டும். பசும்பாசியை வளர்க்கக் கடல் நீரும் வெயிலும் வேண்டும். மண்டபத்தில் மீன் விற்றவரிடம் கேட்டு, ஒரு புட்டிப் பாசி நீரை உறவினரின் வண்டியில் வருவித்தாள் பேத்தி. அதனை ஆறு புட்டிகளிற் பகிர்ந்து கிழக்குச் சன்னலில் வரிசையாக வைத்தாள். முதல் இரண்டு புட்டிகள் வெயில் மிகுந்து வெளுத்துவிட்டன. மற்ற நான்கையும் ஒரு முழம் உள்ளே தள்ளி, மேலே பழைய வேட்டித் துணி ஒன்றை நிழலாகக் கட்டினாள். மார்கழிப் பனி விலகும் காலை வேளையில், சங்ககிரி மலைக்கோட்டை தெரியும் அச்சன்னலில், அந்நான்கு புட்டிகளும் நாளுக்கு நாள் பச்சை ஏறிக்கொண்டிருந்தன. ஆசிரியர் பேத்தியின் குறிப்பேட்டில் ஒரு புதுப் பக்கத்தை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தார்.